கூரைக்கு வந்த கடல்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் கூரைகளைப் பாருங்கள். தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும் பாரம் வைத்து பிளெக்ஸ் பேனர்களை விரித்திருப்பார்கள். தேர்தலில் நின்ற பெரிய மனிதர்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி படுத்திருப்பார்கள். பக்கத்துக் கூரையில் ஒரு பூப்புனித நீராட்டு விழாப் பிள்ளை மயில் ஆசனத்தோடு மழையில் நனைந்துகொண்டிருப்பாள். இவற்றில் பாதிக்கு மேல் தயானி செய்தவை. விழா முடிந்த மறுநாளே, "அந்தப் பேனர் இனி வேணாந்தானே, எங்க கூரைக்குத் தாங்க" என்று கேட்டு வாங்கிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வேட்பாளர்கள் லயத்துக்குச் செய்த உருப்படியான ஒரே உதவி இதுதான் என்பாள் தயானி.

தயானிக்கு முப்பது தாண்டிவிட்டது. லயத்தில் பிறந்தவள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அம்மா விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவள். மகள் பசறையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் படம் வெட்டவும் ஒட்டவும் பழகி, பதுளை பஸாரில் ஸனூஸ் நானாவின் பேனர் கடையில் டிசைனராகச் சேர்ந்தாள். சேர்ந்த நாளிலிருந்து அவள் செய்த பேனர்கள் எதிலும் அவள் பெயர் கிடையாது. மூலையில் கடையின் போன் நம்பர் இருக்கும். அதுவே போதும் என்று ஸனூஸ் நானா நினைத்தார், தயானியும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தாள்.

பேனர் உலகத்துக்கு ஒரு சட்டம் உண்டு. நடுவில் பெரிதாக இருப்பவர் விழா நாயகன், இல்லையென்றால் செத்துப்போனவர். மேலே சாமி. கீழ்வரிசையில் முட்டை வடிவத்தில் தபால் தலை அளவுக்கு வெட்டிய முகங்கள். அவர்கள் நலன்விரும்பிகள். பெரிய முகம் ஒன்றை வைக்கக் கொஞ்ச நேரம் போதும், இந்தக் கீழ்வரிசைக்குத்தான் நாள் முழுக்கப் போகும். அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவருவார்கள், கல்யாண வீட்டில் கூட்டத்தோடு நின்ற படத்தைக் கொண்டுவருவார்கள். தயானி ஒவ்வொரு தலையையும் தனியாக வெட்டி, நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, முட்டைக்குள் வைப்பாள். அப்படியும், "எம் மொகம் தெரியவே இல்லையே" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வெட்டிய முகங்களை அவள் எறிவதில்லை. அடுத்த திருவிழாவுக்கும் அதே ஆட்கள்தானே வரப்போகிறார்கள்.

மர்லியா மிஸ் அந்தக் கடைக்கு வந்தது ஒரு மழை நாளில். பதுளை பஸாரில் பிறந்து, படித்து, இப்போது கடலோரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடல் நுண்ணுயிர்களை ஆராய்ச்சி செய்கிறவர். கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்களைப் பற்றி ஊர் ஊராகக் கண்காட்சி வைக்க அவருடைய குழு கிளம்பியிருந்தது. முதலில் பதுளை, பிறகு பண்டாரவளை, கடைசியில் கொழும்பு. மலையில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் கடலைக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். கையில் நுண்ணோக்கி வழியே எடுத்த சாம்பல் நிறப் படங்கள் இருந்தன.

"இதுகள அப்படியே பெருசா அடிச்சுத் தந்தாப் போதும்" என்றார்.

தயானிக்கு அப்படியே அடித்துத் தரத் தெரியாது. கை பழக்கம். பின்னணியை வெட்டினாள், ஓரத்தில் ஒளிவட்டம் போட்டாள், கல்யாணப் பெண்களுக்குச் செய்வதைப் போல மேனியைக் கொஞ்சம் வெளுப்பாக்கினாள். மாதிரியை மர்லியா மிஸ் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் பவுடர் பூசினது நீங்கதான் முதல் ஆள்" என்றார். சிரித்து முடித்த பிறகு இன்னொரு தடவை பார்த்தார். "ஆனா இப்பதான் பாக்கத் தோணுது. என்ட படத்த யாரும் ரெண்டாந்தடவ பார்த்ததில்ல."

அப்படித்தான் அந்த வேலை வந்தது. கண்காட்சி மண்டபத்தின் நீளச் சுவர் முழுக்க ஒரே படம். கடலில் இருக்கும் மிகச் சிறிய உயிர்கள் அதில் பெரிதாகத் தெரிய வேண்டும். உருவம் சரியாக இருக்க வேண்டும், கடலில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. மூலையில், "ஓவியம்: தயானி, ஸ்பிரிங்வெளி" என்று போடலாம். மர்லியா மிஸ் பேச்சுவாக்கில் சொன்ன இதைத் தயானி அப்போதே ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். "எலக்சன்லயா நிக்கப் போற?" என்று கேட்டுவிட்டு அம்மா அரிசி களையப் போய்விட்டாள்.

தயானி கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, கதிர்காமத்துக்குப் போன பயணத்தில், கிரிந்தையில். காலை நனைத்துவிட்டு ஏறி வந்ததோடு சரி. அந்தத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் லட்சக்கணக்கில் உயிர்கள் இருக்கும் என்று மர்லியா மிஸ் சொன்னபோது அவளுக்குக் காலெல்லாம் கூசியது. கண்ணாடிப் பெட்டி செய்து அதற்குள் குடியிருப்பவை இருந்தன. முள் முளைத்தவை இருந்தன. எல்லாவற்றிலும் சின்னதாக, எண்ணிக்கையில் எல்லாவற்றையும் விட அதிகமாக, முட்டை வடிவத்தில் ஒரு பச்சை உயிர் இருந்தது. அதற்கு வாயில் நுழையாத ஒரு லத்தீன் பெயர். தயானி பச்சையான் என்று பெயர் வைத்தாள். வெயிலைத் தின்று காற்றைத் தருவது அதன் தொழில். உலகத்தில் மூச்சுக்கு வேண்டிய பிராணவாயு உண்டாவதில் ஏறக்குறைய பாதி மரம் செடிகளின் வேலை, மீதிப் பாதி கடலில் இருக்கும் இந்தப் பச்சையானும் அவன் கூட்டாளிகளும் செய்வது. மலையில் இருக்கிற நமக்கும் அதே காற்றுதானா என்று தயானி கேட்டாள். காற்றுக்கு ஊர் எல்லை தெரியாது என்றார் மர்லியா மிஸ்.

படத்தின் அமைப்பைத் தயானியே யோசித்தாள். பேனர் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டாள். நடுவிலும் மேலேயும் கண்ணுக்குத் தெரியாதவர்கள் ஆளுயரத்துக்கு நின்றார்கள். திமிங்கிலத்துக்கும் சுறாவுக்கும் கீழ்வரிசையில் தபால் தலை அளவு இடம். நலன்விரும்பிகள். இதைப் பார்த்து மர்லியா மிஸ்ஸுக்குப் பரம சந்தோஷம்.

கடலை நிரப்பப் பல்லாயிரம் பச்சையான்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றாக வரைந்தால் ஆயுள் போதாது. முட்டை வடிவம் என்றால் தயானியிடம் இல்லாததா? இத்தனை வருஷம் வெட்டி வைத்த முகங்களை அள்ளித் திரையில் கொட்டினாள். கோயில் திருவிழா முகங்கள், கிரிக்கெட் குழு முகங்கள், அறுபதாம் கல்யாண முகங்கள். அவற்றுக்கு மேல் பச்சை பூசினாள். பூசி முடித்ததும் அடியில் இருக்கும் முகங்களை, விளக்கை அணைப்பது போல, அணைத்துவிட்டால் முட்டை வடிவம் மட்டும் நிற்கும். கடைக் கம்ப்யூட்டர் கிழடு, முழுப் படத்தையும் தாங்காது. அதனால் மூன்று துண்டாகச் செய்தாள். முதல் இரண்டு துண்டுகளிலும் முகங்களை மறக்காமல் அணைத்தாள். வலப் பக்கத்துக்கான மூன்றாவதை முடிக்கும் நேரம் ஆடித் திருவிழாப் பேனர்கள் வந்து குவிந்துவிட்டன. வாசலில் ஆட்கள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சின்னத் திரையில் எல்லாம் பச்சையாகத்தான் தெரிந்தது. அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

கண்காட்சி தொடங்கிய அன்று மண்டபச் சுவரில் கடல் நின்றது. தூரத்திலிருந்து பார்க்க நீலமும் பச்சையும். கிட்டப் போகப் போக ஒவ்வொரு புள்ளியும் உயிராகும். பாடசாலைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். வலது மூலையில் தன் பெயரைத் தயானி போனில் படம் எடுத்துக்கொண்டாள். பக்கத்திலேயே, பச்சைக்கு அடியிலிருந்து, ஸ்பிரிங்வெளி ஆட்கள் மங்கலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. பேனர்காரிக்கு முட்டைக்குள் முகம் இருப்பது ஒரு செய்தியா?

மற்றவர்கள் கவனித்தார்கள். அன்று பின்னேரம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அந்த மூலையின் படம் வந்தது. கீழே ஒரு வரி: நம்ம ஆளுங்களைக் கிருமின்னு டவுன்ல மாட்டிக் காட்டுறாங்க.

தயானி பஸ்ஸை விட்டு இறங்கிப் பீலிக்கரைக்கு வந்தபோது தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மாரியாயி மட்டும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு எதிரே வந்தாள். தயானி வீட்டுக்கு லயத்து அறைகளில் மூன்று காம்பரா தள்ளி இருப்பவள். சொந்தம் இல்லாவிட்டாலும் அத்தை என்றுதான் கூப்பிடுவது. கொரோனா காலத்தில் அவள் புருஷன் பொன்னையா மூச்செடுக்க முடியாமல் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார். போனவர் வரவில்லை. கட்டி மூடிய பெட்டியைத் தூரத்தில் வைத்துக் காட்டினார்கள், முகம் காட்டவில்லை. அப்போது ஸ்பிரிங்வெளி என்று சொன்னால் டவுனில் கடைக்காரன் மீதிக் காசை மேசையில் வைத்துத் தள்ளுவான். அந்த வருஷம் யாருக்கும் கண்ணீர் அஞ்சலிப் பேனர் கூட அடிக்கவில்லை.

"எந்தக் கிருமி அவரக் கொண்டு போச்சோ, அந்தக் கிருமியாவே அவர வரஞ்சி மாட்டியிருக்கியே. ஒனக்கு நான் என்னடி செஞ்சேன்?"

"தெரியாம நடந்துருச்சு அத்தை. திருவிழா பேனருக்கு வெட்டுன மொகம். அணைக்க மறந்துட்டேன்."

"மறந்து போச்சா? வேற யாரு மொகமும் கெடைக்கலயா ஒனக்கு? டவுன்காரங்க மொகம், தொரை மொகம், ஒண்ணும் இல்லையா?"

"அத்தை, இது நோய் குடுக்கிற கிருமி இல்ல. இது நல்ல..."

"நல்ல கிருமி கெட்ட கிருமின்னு எனக்குப் பாடம் எடுக்காத. எடு அத. எல்லாத்தையும் எடு."

குடத்தைத் தூக்கிக்கொண்டு மாரியாயி போய்விட்டாள். தயானியின் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மாரியாயி போனதும் உள்ளே போய்விட்டாள். தயானிக்கு அன்று வந்த அவமானம் கொஞ்சமல்ல. ஆனால் மாரியாயி மேல் கோபப்பட அவளிடம் ஒரு நியாயமும் இல்லை.

மறுநாள் மண்டபத்தில் மர்லியா மிஸ் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"கடல்ல இல்லாத ஒண்டயும் போட வாணாம்டு நான் சொன்னன் தானே. இதுல பாருங்க, மீசை வெச்ச மனுசன் ஈக்கி. கண்ணாடி போட்ட மனுசன் ஈக்கி."

தயானி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கண்காட்சிக் குழுவில படத்தையே கழட்டச் சொல்றாங்க. கழட்டினா உங்கட பேரும் சேர்ந்து போகும். எனக்கும் இது விருப்பமில்ல தயானி, ஆனா தோட்டத்தில இருந்து போன் மேல போன் வருது."

"வலது துண்ட மட்டும் திரும்ப அடிச்சுத் தாறேன் மிஸ். ஒரு சுவிச்ச அணைக்கிற வேலைதான்."

மர்லியா மிஸ் வலது துண்டின் ஓரத்தைக் கையால் அளந்து பார்த்தார். "அடிங்க. ஆனா அந்த ஆக்கள் வந்து பார்த்து, சரிண்டு வாயால சொல்லணும். சொன்னாத்தான் உங்கட படம் கொழும்புக்கு வரும்."

அந்த ஆக்கள் என்றால் மாரியாயி. தயானியின் பெயர் சுவரில் இருப்பதும் போவதும் மாரியாயி வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் வந்து நின்றது. ஸனூஸ் நானா புது பிளெக்ஸை மிஷினில் ஏற்றினார். கழற்றிக் கொண்டுவந்த பழைய துண்டைச் சுருட்டி, மழைச் சாரலுக்குக் கடை வாசலில் கட்டலாம் என்று ஓரமாக வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாரியாயி வந்தாள். கூட இரண்டு பெண்கள். கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, தலையில் பூ வைக்காமல், மண்டப வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். தயானி கிட்டே போகப் பயந்து தூணோரம் நின்றாள். மாரியாயி மூக்குக்கண்ணாடியைப் போட்டு வலது பக்கத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அரிசியில் கல் பொறுக்குகிறவளின் நிதானம் அவளிடம் இருந்தது. முகம் எதுவும் இல்லை. பச்சை மட்டும்தான்.

"இது என்னா வேலை செய்யிற சாமான்?" என்று மர்லியா மிஸ்ஸிடம் கேட்டாள்.

மர்லியா மிஸ் சுருக்கமாகச் சொன்னார். வெயிலைத் தின்னும், காற்றைத் தரும். "நீங்க இப்ப இழுத்தீங்களே ஒரு மூச்சு, அதில பாதி இதுகள் தந்தது அம்மா."

மாரியாயி இன்னொரு மூச்சை இழுத்துப் பார்த்தாள். வேண்டுமென்றே இழுத்தாள், பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. பிறகு திரும்பாமலேயே கூப்பிட்டாள்.

"தயானி. அவரு எங்க இருந்தாரு?"

தயானி வந்து ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். கண்ணாடிப் பெட்டி உயிர் ஒன்றுக்குக் கீழே, தோள் உயரத்தில். மாரியாயி அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இப்ப இல்ல."

"நீங்கதானே அத்தை எடுக்கச் சொன்னீங்க."

"சொன்னேன்தான்" என்றாள் மாரியாயி. கையை எடுக்கவில்லை. "காத்து இல்லாமத்தானே போனாரு அந்த மனுசன். காத்து குடுக்கிற கூட்டத்துல கொஞ்ச நாளு இருந்திருக்காரு. நான்தான் எறக்கிவிட்டுட்டேன்."

கூட வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரியாயி கையை எடுத்து, கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்தாள்.

"கொழும்புக்குக் கொண்டு போங்க மிஸ். சரியா இருக்கு. எங்க ஆளு ஒருத்தரும் இதுல இல்ல." அவ்வளவுதான், சொல்லிவிட்டாள். தயானியின் பெயர் தப்பித்தது. தப்பித்த பெயரைப் பார்க்க அவளுக்கு அந்த நேரத்தில் ஆசை வரவில்லை.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே மாரியாயி கேட்டாள். "அந்தப் பழசு எங்க?"

பழசு கடை வாசலில் கட்டப்பட்டுவிட்டது. படம் உள்பக்கமாக இருந்ததால் தெருவில் போகிறவர்களுக்கு வெள்ளைதான் தெரிந்தது. ஸனூஸ் நானா முணுமுணுத்தார். "நல்ல தடிப்பான சாமான் புள்ள. சாரல் ஒரு சொட்டு உள்ள வரல்ல." முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறி அவரே கயிற்றை அவிழ்த்தார். மூன்று பெண்களும் அதைச் சுருட்டி, ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் எல்லாருடைய முழங்காலிலும் இடித்துக்கொண்டு கொண்டுபோனார்கள்.

படம் பண்டாரவளைக்குப் போய்ப் பிறகு கொழும்புக்குப் போனது. அங்கே யாரோ பெரியவர்கள் பாராட்டினார்களாம். மர்லியா மிஸ் போனில் அனுப்பிய படத்தில், தயானியின் பெயருக்கு முன்னால் ஒருவர் தேநீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். பெயரில் கடைசி எழுத்து மட்டும் தெரிந்தது. தயானி அம்மாவிடம் காட்டினாள். அம்மா தேநீர்க் கோப்பையைப் பார்த்து, "அது நம்ம மலைக் கொழுந்தா இருக்கும்" என்றாள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் மாரியாயி ஆள் அனுப்பினாள், பிளெக்ஸில் ஒரு கயிறு நழுவிவிட்டது, வந்து கட்டித் தரட்டும் என்று. தயானி அதுவரை அந்தக் காம்பராவுக்குப் போகவில்லை. போய் முன்திண்ணையான இஸ்தோப்பைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். கூரைத் தகரத்துக்கு அடியில், சுவருக்குச் சுவர், கடல் கட்டியிருந்தது. படம் கீழே பார்த்திருந்தது. இதற்கு முன் அந்த இடத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த வேட்பாளர் இப்போது வெளியே விறகுக்கு மேல் கிடந்தார். தகரத்தில் விழும் மழை பிளெக்ஸில் சொட்டி, ஒரு ஓரமாக ஓடி, வாளியில் வடிந்தது. மங்கிய விளக்கில் பச்சைக்குள்ளே முகங்கள் தெரிந்தன. பொன்னையா மீசையோடு இருந்தார். அவருக்கு நேர் கீழே மாரியாயியின் பாய் விரித்திருந்தது.

தயானி முக்காலியில் ஏறிக் கயிற்றைக் கட்டினாள். அப்போதுதான் தன் பெயரைத் தேடினாள். அது எதிர் மூலையில், அடுப்புக்கு நேர் மேலே இருந்தது. புகை படிந்து "ஸ்பிரிங்வெளி" என்பது போய்விட்டது. "தயானி" என்பதில் பாதி போய்க்கொண்டிருந்தது.

மாரியாயியும் அதைப் பார்த்தாள்.

"ஒம் பேரு அடுப்புப் பக்கம் வந்துருச்சு புள்ள. திருப்பிக் கட்டிப் பாத்தேன். அப்படிக் கட்டுனா அவரு மொகம் கதவுப் பக்கம் போயிருது. படுத்தா தெரியமாட்டேங்குது." வாளியைச் சொட்டுக்கு நேரே நகர்த்தினாள். "கோவிச்சுக்காத."

தயானி எட்டி, கயிற்றை இன்னும் ஒரு சுற்று சுற்றினாள்.

"அப்படியே இருக்கட்டும் அத்தை" என்றாள். "அந்த மூலைய மட்டும் கொஞ்சம் ஏத்திக் கட்டுறேன். தண்ணி அவரு மேல வந்து தேங்குது."